நாய் குரைக்கும் தூரம்

இரண்டு லாரிகளுக்கு நடுவே கிடைத்த ஒரு மணி நேரத்தில்
பெட்ரோல் பங்கின் கல்லாவுக்கு அடியில்
யாரோ விட்டுப்போன குறுக்கெழுத்துப் புத்தகத்தைப் புரட்டினேன்.
கடைசிப் பக்கத்து விடையில் தெரிந்தது:
பெனின்குல்மா என்ற சொல்லுக்குள்
ஒரு நாய் படுத்திருக்கிறது.

நாற்பத்தாறு வருடம் அதை வாயில் வைத்திருந்தேன்.
பத்துப் பெனின்குல்மாவுக்கு ஒரு வீடு கிடையாது,
டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள் என்று
இனாரிக்கு வழி கேட்கும் ஜெர்மன்காரர்களிடம்
வாரம் ஒருமுறையாவது சொல்வேன்.
பின்னிஷில் குல்மா என்றால் மூலை.
ஏதோ ஒரு பழைய மூலை, எனக்கென்ன என்றிருந்தேன்.
இல்லையாம்.
பெனி, நாய். மிச்சம், கேட்பது.
நாய் குரைத்தால் எவ்வளவு தூரம் கேட்குமோ
அவ்வளவு தூரம்.

காப்பி மெஷினைக் கழுவும்போது யோசனை ஓடியது.
எந்த நாய்?
காற்று எந்தப் பக்கம்?
குரைக்கச் சோம்பல்படும் நாய் இருக்கிற ஊரில்
எல்லாமே பக்கம்தானா?

கலைமான் விஷயம் முன்பே தெரியும்.
மூத்திரம் பெய்ய நிற்காமல் அது ஓடக்கூடிய தூரம்,
ஏழரை கிலோமீட்டர், அதற்கும் எங்களிடம் ஒரு சொல் உண்டு.
கோப்பையில் அச்சடித்து விற்கிறோம்,
பதினான்கு யூரோ.
நாயை யாரும் அச்சடிக்கவில்லை.

அதே வியாழக்கிழமை
வானிலை நிலையத்து இல்போ பேட்டரி வாங்க வந்தான்.
மைனஸ் முப்பத்தொன்று. இமைமுடியில் உறைபனி.
"இன்றைக்கு ராத்திரி காற்றே இருக்காது.
கீழே குளிர், அதற்கு மேலே கொஞ்சம் வெதுவெதுப்பு.
மேலே போகிற சத்தம் வளைந்து தரைக்கே திரும்பிவிடும்.
யாரையாவது திட்டுவதென்றால்
கதவைச் சாத்திக்கொண்டு திட்டுங்கள், ரௌனி."
சில்லறையை எண்ணாமல் போனான்.

சத்தம் வளையும்!
தண்ணீருக்குள் கரண்டி வளைவதைத்தான் பார்த்திருக்கிறேன்.

ஏரியின் இந்தக் கரையில் நான்.
அந்தக் கரையில் என் தம்பி தைஸ்தோ.
பனிக்கட்டி மேல் நடந்தால் ஒன்றரை கிலோமீட்டர்,
சாலையில் சுற்றினால் முப்பத்தொன்று,
அப்பா விட்டுப்போன படகு மோட்டாரின் வழியாகப் போனால்
பதினோரு வருடம்.
மோட்டார் என் கொட்டகையில் இருக்கிறது.
ஒவ்வொரு ஜூனிலும் கயிற்றை இழுத்துப் பார்ப்பேன்,
இருமும், அடங்கும்.
அதை எவனிடமும் சொன்னதில்லை.

ராத்திரி விறகெடுக்க வெளியே வந்தேன்.
நாய் குரைத்தது,
சமையலறையில் நின்று குரைப்பதுபோல்.
என்னிடம் நாய் இல்லை.
அவனிடம் இருப்பது அதுவரை தெரியாது.
சின்ன நாய், எங்கே நிறுத்துவது என்று
இன்னும் பழகாத தொண்டை.
ஒரு கதவு திறந்தது. பிறகு அவன் குரல்,
"ஹில்யா!"
சத்தம் போடாதே.

பதினோரு வருடத்தில் அவன் சொல்லி
நான் கேட்ட முதல் சொல்.
நாய் கேட்கவில்லை.
நானும் கேட்கவில்லை.
விறகைக் கீழே போட்டு, கையை வாயருகே குவித்து,
"அந்த மோட்டார் ஓடவே இல்லை!" என்று கத்தினேன்.

நாய் நின்றது.
காலடியில், ஆழத்தில் எங்கோ,
ஏரி ஒருமுறை முனகிப் புரண்டது.

"தெரியும்!" என்று வந்தது.
பிறகு, ஒரு சிகரெட் பற்றவைக்கிற நேரம் கழித்து,
"ஸ்பார்க் பிளக் என்கிட்டதான் இருக்கு!"

கெட்ட வார்த்தை ஒன்று சொன்னேன்.
அதுவும் வளைந்து போய் இறங்கியிருக்கும்.
பிறகு வேறெதுவும் தோன்றாமல்
நாயின் பெயர் என்ன என்று கேட்டேன்.

பதில் வந்தது.
அதற்குள் பிர்ச் மரங்களில் காற்று எழுந்துவிட்டது,
முதல் எழுத்து மட்டும் கிடைத்தது.
'நொ' என்றோ,
'மொ' என்றோ.